கூரைத் தகட்டின் துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான்? பூச்சு மீட்டர் தேர்ந்தெடுக்கும் முறை

சேர்வராயன் மலையில் காப்பி, மிளகு, ஆரஞ்சு பயிரிடும் சிறு விவசாயிக்கு இரும்பு வேலை இல்லாத இடம் இல்லை. காப்பி உலர்த்தும் கொட்டகைக்குக் கூரைத் தகடு, தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஜி.ஐ. குழாய், மாட்டுக் கொட்டகைக்கு ஆங்கிள், போல்ட், ஆணி என்று கணக்குப் பார்த்தால், ஓர் ஆண்டு மகசூலில் பெரும் பங்கு இரும்புக் கடைக்கே போய்விடும்.

ஏற்காட்டில் மழை தென்மேற்கிலும் வருகிறது, வடகிழக்கிலும் வருகிறது. மழை இல்லாத நாட்களிலும் பனிமூட்டம் கூரையை நனைத்துவிட்டுப் போகிறது. சமவெளியில் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும் தகடு, மலை மேல் மரநிழலில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வாழவந்தி எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். அடுத்தடுத்த இரண்டு கூரைகளில் ஒன்று சாம்பல் நிறம் மாறாமல் இருக்கும். மற்றொன்று செம்மண் பூசியதுபோல் துரு ஏறி, போல்ட் அடித்த இடங்களில் ஓட்டை விழுந்திருக்கும். ஓட்டை வழியாக ஒரு இரவு மழை ஒழுகினால், கீழே குவித்து வைத்த பார்ச்மென்ட் காப்பியில் பூஞ்சணம் பிடித்து விலை இறங்கிவிடும்.

இரண்டு கூரைகளும் கடையில் வாங்கும்போது ஒன்றுபோலவே பளபளத்திருக்கும். பல நேரங்களில் வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத பூச்சின் கனத்தில்தான் இருக்கிறது. அந்தக் கனத்தை அளக்கக் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. கடைக்காரர்கள் இவற்றைக் கோட்டிங் மீட்டர் என்றும் மைக்ரான் மீட்டர் என்றும் சொல்வார்கள். எந்த மீட்டர் நமக்குப் பயன்படும், எது பயன்படாது, மீட்டர் இல்லாமலே அறிய வழி உண்டா என்பவற்றை இங்கே பார்ப்போம்.

துத்தநாகம் செய்யும் வேலை

கூரைத் தகடும் முள்கம்பியும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கப்பட்ட இரும்பு. துத்தநாகம் இரும்பை மூடிக் காப்பதோடு நிற்பதில்லை. கீறல் விழுந்த இடத்தில் இரும்புக்கு முன்பாகத் தான் கரைந்து, இரும்பைக் காக்கிறது. பெயின்டுக்கு இந்தக் குணம் கிடையாது. ஆனால் துத்தநாகம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே வரும். அது தீர்ந்த நாளில் துரு தொடங்கும். ஆகவே தகட்டின் ஆயுள் பெரும்பாலும் பூச்சின் கனத்தைப் பொறுத்தது.

இந்தக் கனத்தை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நாம் எழுதும் காகிதம் சுமார் 100 மைக்ரான் கனம் இருக்கும். கூரைத் தகட்டின் ஒரு பக்கத் துத்தநாகம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சில நேரம் இருப்பதில்லை.

கடையில் இதையே வேறு விதமாக, 'ஜி.எஸ்.எம்.' என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தகட்டில், இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் இருக்கிறது என்பதே இதன் பொருள். துத்தநாகம் ஒரு மைக்ரான் கனத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் எடை இருக்கும். எனவே ஜி.எஸ்.எம். எண்ணை 14 ஆல் வகுத்தால் ஒரு பக்கத்து மைக்ரான் கிடைக்கும். 275 ஜி.எஸ்.எம். தகட்டில் ஒரு பக்கம் 19 முதல் 20 மைக்ரான். 120 ஜி.எஸ்.எம். தகட்டில் 8 மைக்ரானுக்குச் சற்று மேல்.

துத்தநாகம் ஆண்டுக்கு எவ்வளவு தேயும்? உலக அளவிலான தர விதிகளின்படி, மாசு குறைந்த உள்நாட்டுப் பகுதிகளில் ஆண்டுக்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் வரை தேயும். ஈரமும் ஓரளவு புகையும் உள்ள இடங்களில் 0.7 முதல் 2 மைக்ரான் வரை. கடற்கரையிலும் ஆலைப் பகுதியிலும் அதற்கும் மேல். நம் மலையில் ஆலைப் புகை குறைவு, ஈரம் மிகுதி. எச்சரிக்கையாக ஆண்டுக்கு ஒரு மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு தகடு 20 ஆண்டுகளும் மற்றது 8 ஆண்டுகளும் தாங்கும். ஒரே ஆள் கூலி, ஒரே மரச்சட்டம், ஒரே லாரி வாடகை செலவழித்துப் போட்ட கூரையில் இத்தனை வேறுபாடு! உலோக அரிமானத்தைப் பற்றியும் ஆராயும் வகையில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது என்பதிலிருந்தே இதனால் நாட்டுக்கு ஏற்படும் நஷ்டத்தை ஊகிக்கலாம்.

கேஜ் வேறு, பூச்சு வேறு

பலர் ஏமாறும் இடம் இது. 'நல்ல கனமான தகடு, 24 கேஜ்' என்று கடைக்காரர் சொன்னால் அது தகட்டின் மொத்தக் கனம். துத்தநாகம் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. கனத்த தகட்டில் மெல்லிய பூச்சும், மெல்லிய தகட்டில் கனத்த பூச்சும் இருக்கலாம். குழாயிலும் அப்படியே. குழாயின் மேல் அடித்திருக்கும் மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகள் முறையே லைட், மீடியம், ஹெவி என்று குழாய்ச் சுவரின் கனத்தைக் காட்டுகின்றன. பூச்சைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஆகையால் கடையில், 'இது எத்தனை கேஜுங்க?' என்று கேட்ட பிறகு, 'எத்தனை ஜி.எஸ்.எம்.ங்க?' என்றும் ஒரு வார்த்தை கேட்பது அவசியம்.

மீட்டரில் எத்தனை வகை?

முதல் வகை காந்தத்தால் இயங்குவது. பேனா வடிவிலும், வாழைக்காய்போல் வளைந்த வடிவிலும் கிடைக்கும். உள்ளே சிறு காந்தமும் சுருள்வில்லும் இருக்கும். பூச்சு மெல்லியதாக இருந்தால் காந்தம் இரும்பை இறுகப் பிடிக்கும், கனமாக இருந்தால் பிடி தளரும். பிடி விடும் இடத்தை வைத்துக் கனத்தைப் படிக்கலாம். பாட்டரி வேண்டாம், கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் கணக்கில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை பிசகு இருக்கலாம். பேனா வகை மெல்லிய பூச்சுக்கு உதவாது. கனத்த பூச்சு உள்ள ஆங்கிள், கம்பம் ஆகியவற்றுக்குப் போதும்.

இரண்டாவது வகை பாட்டரியில் இயங்கி, எண்ணைத் திரையில் காட்டும் மின்னணு மீட்டர். இதிலேயே இரண்டு பிரிவு உண்டு. 'எஃப்' என்று குறித்தது இரும்பின் மேல் உள்ள துத்தநாகம், பெயின்ட் போன்ற காந்தம் பற்றாத பூச்சுகளை அளக்கும். 'என்' என்று குறித்தது அலுமினியம், செம்பு, பித்தளை போன்றவற்றின் மேல் உள்ள பெயின்டை மட்டும் அளக்கும். இரண்டும் சேர்ந்தது 'எஃப்என்'. நமக்கு வேண்டியது எஃப். எஃப்என் கிடைத்தாலும் குற்றமில்லை. 'என்' மட்டும் உள்ள மீட்டரைக் கொண்டு ஜி.ஐ. தகட்டை அளக்க முடியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று, பிசகு. விளம்பரத்தில் 'நூற்றுக்கு 3' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் 'கூட்டல் 1 மைக்ரான்' அல்லது 'கூட்டல் 2 மைக்ரான்' என்று சிறிதாக இருக்கும். நமக்கு அந்தச் சிறிய எழுத்தே முக்கியம். பழைய கார் வாங்குவோர் பெயின்ட் பார்க்கும் மீட்டர் 100 மைக்ரானைச் சரியாகக் காட்டினால் போதும். நாம் அளப்பது 8 மைக்ரான், 20 மைக்ரான். அங்கே 2 மைக்ரான் பிசகு என்பது நாலில் ஒரு பங்கு. எனவே கூட்டல் 1 மைக்ரானுக்கு மிகாததும், 0.1 மைக்ரான் வரை காட்டுவதுமான மீட்டரே நல்லது.

இரண்டு, அளவின் எல்லை. 5,000 மைக்ரான் வரை அளக்கும் என்று சொல்லி அதிக விலை கேட்டால் மயங்க வேண்டாம். விவசாயியின் வேலைக்கு 1,000 மைக்ரானே மிஞ்சும்.

மூன்று, அடித்தகட்டின் கனம். மீட்டருடன் வரும் தாளில், 'அடி உலோகம் குறைந்தது இத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். பல மீட்டர்களுக்கு அது 0.5 மில்லிமீட்டர். நம் கூரைத் தகடோ பெரும்பாலும் 0.4, 0.5 மில்லிமீட்டர்தான். இந்த வரியைப் படிக்காமல் வாங்கினால் மீட்டர் தவறாகக் காட்டும். 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

நான்கு, வளைவு. எவ்வளவு சிறிய வளைவின் மேல் அளக்கலாம் என்பதும் அதே தாளில் இருக்கும். குழாயை அளக்கலாம். முள்கம்பியைச் சாதாரண மீட்டரால் அளக்க முடியாது. அதற்கு வேறு வழி கீழே சொல்லியிருக்கிறது.

ஐந்து, சரிபார்க்கும் சாமான். பூச்சில்லாத ஓர் இரும்பு வில்லையும், கனம் குறித்த பிளாஸ்டிக் தாள்களும் மீட்டருடன் வர வேண்டும். தாள்களில் ஒன்றாவது 50 மைக்ரானுக்குக் குறைவாக இருக்கட்டும். இவை இல்லாத மீட்டர், படிக்கல் இல்லாத தராசு போன்றது.

அளக்கும் முறை

முதலில் மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். மெல்லிய தகட்டுக்கு, உடன் வந்த வில்லையை விட ஒரு நல்ல வழி உண்டு. அதே தகட்டின் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்து நீக்கி, கழுவித் துடைத்து உலர்த்தி, அதன் மேல் பூஜ்யம் வைக்கலாம். இரும்பும் கனமும் ஒன்றாக இருப்பதால் பிசகு வெகுவாகக் குறையும்.

தகட்டை மரப்பலகை மேல் வைத்து அளக்க வேண்டும். இரும்பு மேஜை மேல் வைத்தால், மெல்லிய தகட்டின் ஊடே அந்த இரும்பும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். எண்ணெய், மண், ஈரம் துடைத்துவிடுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, சமமான இடத்தில் மீட்டரைச் செங்குத்தாக வையுங்கள். ஓரிடத்தில் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். இப்படித் தகட்டின் நடுவிலும் இரு ஓரங்களிலுமாக மூன்று இடங்களில் பாருங்கள். பின்பு திருப்பிப் போட்டு மறுபக்கமும் அளவுங்கள். ஜி.எஸ்.எம். எண் இரண்டு பக்கமும் சேர்ந்தது என்பதால், ஒரு பக்கம் மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியல்ல.

எவ்வளவு நல்ல மீட்டரானாலும் 120 தகட்டையும் 275 தகட்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுமே தவிர, 180 தகட்டையும் 200 தகட்டையும் பிரித்துச் சொல்லாது. அவற்றுக்கிடையே ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மைக்ரான்கூட வேறுபாடு இல்லை. எனவே ஒரு மைக்ரான் குறைகிறது என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம். 275 என்று விலை வாங்கிக்கொண்டு மீட்டர் 9 காட்டினால் தாராளமாகக் கேளுங்கள்.

இரண்டு பொறிகள்

வண்ணத் தகடுகளில் மீட்டர் பெயின்டையும் துத்தநாகத்தையும் கூட்டியே காட்டும். மேற்பக்கப் பெயின்ட் மட்டுமே சுமார் 20 முதல் 25 மைக்ரான் இருக்கும். மீட்டர் 33 காட்டுகிறதே என்று மகிழ்ந்தால், அடியில் துத்தநாகம் 8 மைக்ரானாக இருக்கக்கூடும். வெட்டுத் துண்டில் பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவி, பெயின்டைச் சுரண்டிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடுகளுக்கு மேலே சொன்ன 14 கணக்கு பொருந்தாது. அந்தக் கலவை எடை குறைந்தது. அதில் 150 ஜி.எஸ்.எம். என்றாலே ஒரு பக்கம் சுமார் 20 மைக்ரான் வரும். கூரைக்கு இது நல்ல தகடு. ஆனால் சிமென்ட், சுண்ணாம்பு படும் இடங்களிலும், மாட்டுக் கோமியத்தின் ஆவி அடைந்து நிற்கும் கொட்டகைகளிலும் இதைத் தவிர்ப்பது நலம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு

பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவாகத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, எண்ணெய் போகக் கழுவி உலர்த்தி, எடை பாருங்கள். காய்கறித் தராசு உதவாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். சேலத்தில் கொலுசு செய்யும் வெள்ளிப் பட்டறைகளில் இத்தகைய தராசு இருக்கும். பிறகு ஒரு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்ல ஊற்றி, துண்டை அதில் இடுங்கள். நுரை பொங்கும். பொங்குவது அடங்கியவுடன் எடுத்துக் கழுவி உலர்த்தி, மீண்டும் எடை பாருங்கள். குறைந்த கிராமை 100 ஆல் பெருக்கினால் அதுவே ஜி.எஸ்.எம். உதாரணமாக 40.20 கிராம் இருந்தது 38.95 கிராம் ஆனால், குறைந்தது 1.25. தகடு 125 ஜி.எஸ்.எம்.

அமிலத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது, தண்ணீரில்தான் அமிலம் ஊற்ற வேண்டும். வெட்டவெளியில், பிளாஸ்டிக் பாத்திரத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். எழும் வாயு தீப்பற்றக் கூடியது. பழக்கமில்லாதவர்கள் அறிவியல் ஆசிரியர் ஒருவரின் துணையோடு செய்வது உத்தமம்.

முள்கம்பிக்கு மயில்துத்தமே போதும்

காப்பி இலைத்துருவுக்குப் போர்டோ கலவை தயாரிப்பவர்கள், கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்ப்பது உண்டு. கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறிவார்கள். கம்பியைச் சோதிப்பதும் இதே தத்துவம்தான்.

எடையில் 100 பங்கு தண்ணீருக்கு 36 பங்கு மயில்துத்தம் கரைத்த திரவத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நீக்கிய கம்பித் துண்டை ஒரு நிமிடம் அதில் நிறுத்தி, எடுத்துக் கழுவி, கறுப்பாகப் படிந்ததைத் துணியால் துடையுங்கள். மீண்டும் ஒரு நிமிடம். துடைத்தாலும் போகாமல், பளிச்சென்று செம்பு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்து இரும்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். வெட்டிய முனையில் ஓர் அங்குலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் திரவத்தின் அமிலத்தன்மையை நீக்கி, வெப்பத்தையும் அடர்த்தியையும் நிலைப்படுத்திச் செய்வார்கள். நாம் இரண்டு கடைக் கம்பிகளை ஒரே திரவத்தில், ஒரே நேரம் நனைத்து ஒப்பிட்டாலே போதும். ஒன்று முதல் நனைப்பிலேயே சிவந்து, மற்றது மூன்று நனைப்பு தாங்கினால் எதை வாங்குவது என்று சொல்லவும் வேண்டுமா? மீந்த திரவம் விஷம். ஊற்றிலோ ஓடையிலோ கொட்டக்கூடாது, ஆடுமாடு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. போர்டோ கலவையை ஜி.ஐ. பீப்பாயிலோ வாளியிலோ கலக்கக் கூடாது. கரைந்த மயில்துத்தம் பாத்திரத்தின் துத்தநாகத்தைத் தின்றுவிடும். கலவையும் கெடும், பாத்திரமும் கெடும்.

வாங்கிய பிறகு

நல்ல தகடும் கெட்ட பழக்கத்தால் கெடும். மழையில் நனைந்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் காற்றுப் படாமல் வெள்ளைப் பொடி பூத்து, துத்தநாகம் சில வாரங்களிலேயே வீணாகும். சாய்த்து நிறுத்தி, இடையே காற்றுப் போகும்படி வையுங்கள். கூரை போல்ட்டுகளையும் பாருங்கள். பளபளப்பாக மின்முலாம் பூசியவற்றில் பூச்சு மிக மெல்லியது. தகட்டுக்கு முன்பே அவை துருப்பிடித்து, தகட்டையும் கெடுக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய, சாம்பல் நிற போல்ட்டுகள் சற்றே சொரசொரப்பாக இருந்தாலும் அவையே நின்று உழைக்கும். காப்பிப் பழத்தோல் ஊறிய தண்ணீர் புளிப்பேறியது. அது ஜி.ஐ. தகட்டின் மேல் வழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்குவது?

மின்னணு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்கும் உண்டு, பெயர் பெற்ற கம்பெனியுடையது பல ஆயிரத்துக்கும் உண்டு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை கூரை போடும் சிறு விவசாயி தனியாக இதை வாங்குவது வீண் செலவு. ஊரில் உள்ள உழவர் உற்பத்தியாளர் குழு பொதுவில் ஒன்று வாங்கி வைத்து, தகடு வாங்கப் போகிறவர்களுக்குக் கொடுத்து வாங்கலாம். படித்த இளைஞர் ஒருவர் அதைக் கையாளப் பழகிக்கொண்டால் போதும். அதுவும் முடியாவிட்டால், தகட்டின் வெட்டுத் துண்டு ஒன்றைச் சேலத்தில் பவுடர் கோட்டிங் பட்டறை ஏதாவதொன்றுக்கு எடுத்துச் சென்று அளந்து தரக் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, தகட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 277 என்ற எண்ணும், பூச்சின் தர எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையோடு உள்ள உரிம எண் உண்மையானதா என்பதைக் கைபேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். பில்லில் 'ஜி.ஐ. தகடு' என்று மட்டும் எழுத விடாமல், ஜி.எஸ்.எம். எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. எழுதித் தருபவரிடம் வாங்கி, வீட்டில் ஒரு துண்டை அளந்து பார்த்த பிறகே மற்றத் தகடுகளைக் கூரையில் ஏற்றுங்கள். ஆணி அடித்துத் துளையிட்ட தகட்டை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.